நாய்க்குத் தோல் நோய், கையில் பணம் குறைவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பொன்னி தெருமுனைக் குப்பைத்தொட்டியருகே கிடைத்தவள். வீட்டுக்கு வரும்போது மூன்று மாதக் குட்டி. கண்ணைச் சுற்றி முடி இல்லை, முன்னங்கால்களில் சொட்டை சொட்டையாகத் திட்டுகள். ஐந்து மாதம் ஷாம்பு, ஊசி, களிம்பு, மறுபடியும் வேறொரு ஷாம்பு என்று மாற்றி மாற்றிச் செலவு செய்தோம். அதற்குள் திட்டுகள் முதுகு வரை ஏறிவிட்டன. நோய் என்னவென்று யாரும் பார்க்கவே இல்லை என்பது எங்களுக்கு உறைக்க அத்தனை நாள் ஆனது. பார்த்த அன்றைக்கு ஆன செலவு, அதுவரை வாங்கிய ஷாம்பு ஒன்றின் விலைகூட இல்லை.

அப்புறம் அக்கம்பக்கத்தில் எந்த நாய்க்கு முடி கொட்டினாலும் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. ஒரு நாயைத் தேற்றியெடுத்த அனுபவமும், வழியில் நல்ல மருத்துவர்களிடம் கேட்டுக் கற்றதும்தான் என் கைமுதல். சென்னையில் இருப்பதால் இங்குள்ள இடங்களைத்தான் அதிகம் சொல்கிறேன்.

நாய் சொறிந்துகொண்டே இருக்கிறது. சில நாள் பொறுத்துப் பார்க்கலாமா?

முடி கொட்டாமல், புண் இல்லாமல், நன்றாகச் சாப்பிட்டு விளையாடுகிறதென்றால் இரண்டு மூன்று நாள் கவனிக்கலாம். அந்த நாட்களையும் வீணாக்க வேண்டாம். முதலில் தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளை ஈரமாக்கித் தரையில் விரித்து, நாயை அதன்மேல் நிற்கவைத்து வாலடி முடியை எதிர்ப்பக்கமாகக் கோதுங்கள். விழும் கருப்புத் துகள்கள் ஈரத்தில் செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். வெறும் மண் அப்படிக் கரையாது.

அடுத்தது உண்ணி. காதுக்குள், கால்விரல் இடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில் விரலால் தடவிப் பாருங்கள். மூன்றாவதாக, காது மடலின் ஓரத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து மெல்லத் தேயுங்கள். பின்னங்கால் தானாகச் சொறியும் பாவனையில் ஆடத் தொடங்கினால் ஒட்டுச் சொறியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்படியானால் பொறுத்துப் பார்க்க வேண்டாம், அது வேகமாகப் பரவும்.

குறைந்த செலவில் எங்கே காட்டுவது?

சென்னையென்றால் நான் முதலில் சொல்வது வேப்பேரிதான். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. தோல் நோய்க்குத் தனிப் பிரிவு உண்டு. கட்டணம் தனியார் கிளினிக்கில் ஆவதில் சிறு பங்குதான். நாள் முழுக்கத் தோல் நோயையே பார்க்கிற மருத்துவர்கள், கூடவே படிக்கிற மாணவர்கள் என்று ஒரு நாயை நாலு பேர் பார்ப்பார்கள். சிலர் அதைத் தொல்லையாக நினைக்கிறார்கள். நான் அதை வரமாக நினைக்கிறேன். மாணவர் ஒருவர் உட்கார்ந்து கேட்ட கேள்விகளில்தான், பொன்னிக்கு முன்பு போட்ட ஊசிகளில் ஸ்டீராய்டு இருந்தது எங்களுக்கே தெரியவந்தது.

அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு மருத்துவமனை மாதவரத்தில் இருக்கிறது. சென்னை மாநகராட்சியும் நுங்கம்பாக்கம், திரு.வி.க. நகர் போன்ற இடங்களில் செல்லப்பிராணிகளுக்கான சிகிச்சை மையங்கள் நடத்துகிறது.

சென்னைக்கு வெளியே இருந்தால் நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி வீரபாண்டி ஆகிய இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பேட்டையில் ஒரு கல்லூரி உண்டு. கல்லூரி தொலைவென்றால் உங்கள் ஊர் அரசு கால்நடை மருந்தகத்துக்கே போங்கள். ஊர்ப்பக்கம் அதை மாட்டாஸ்பத்திரி என்பார்கள். பெயரைக் கேட்டு நாயைப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம், பார்ப்பார்கள். அங்கே நுண்ணோக்கி இல்லையென்றால் மாவட்டத் தலைநகரில் உள்ள பெரிய கால்நடை மருத்துவமனைக்கு எழுதிக்கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை ஊர்தியும் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் ஆடு மாடுகளுக்காக ஓடுவது. சொறிக்கு அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

வேப்பேரிக்குப் போகும்போது என்ன எடுத்துப்போக வேண்டும்?

காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். ஓபி சீட்டுக்கு வரிசை, அப்புறம் பிரிவுக்கு முன்னால் இன்னொரு காத்திருப்பு. அரை நாள் போய்விடும் என்று நினைத்துக்கொண்டு விடுப்பு போட்டுவிட்டுப் போனால் எரிச்சல் வராது. கழுத்துப்பட்டை, சங்கிலி, குடிக்கத் தண்ணீர், ஒரு கிண்ணம், பழைய துணி. கடிக்கிற சுபாவம் இருந்தால் வாய்க்கூடு. தடுப்பூசி அட்டை இருந்தால் அதுவும்.

இவற்றைவிட முக்கியமானது ஒன்று உண்டு. இதுவரை கொடுத்த மருந்துகளின் அட்டைகள், டப்பாக்கள், சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். போனில் படங்களும் இருக்கட்டும்: முதல் திட்டு வந்த நாள், பத்து நாள் கழித்து, இப்போது. எங்கே தொடங்கியது, முதலில் அரிப்பா முடி கொட்டியதா என்று மருத்துவர் கேட்பார். எங்களிடம் படம் இருந்ததால் அந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்ல முடிந்தது.

போவதற்கு முன் இரண்டு மூன்று நாள் குளிப்பாட்ட வேண்டாம், களிம்பும் தடவ வேண்டாம். பளிச்சென்று கழுவிக் கொண்டுபோனால் பார்க்க வேண்டிய தடயம் போய்விடும்.

என்ன பரிசோதனை செய்வார்கள்? எல்லாமே அவசியமா?

நான் யாரிடமும் அழுத்திச் சொல்வது இதைத்தான். முதல் செலவு தோலைச் சுரண்டிப் பார்ப்பதாக இருக்கட்டும்.

பொன்னிக்குச் செய்ததைச் சொல்கிறேன். மருத்துவர் ஒரு பிளேடின் விளிம்பில் துளி எண்ணெய் தொட்டுக்கொண்டார். முன்னங்காலில் திட்டின் ஓரத்தை விரலால் அழுத்திப் பிதுக்கி, ஒரே திசையில் மெதுவாகச் சுரண்டினார். ஊசிமுனை அளவு ரத்தம் கசிகிற வரை சுரண்டி, அதைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தார். பொன்னி ஒருமுறை முனகினாள், அவ்வளவுதான். “வந்து பாருங்கம்மா” என்று என்னையும் கூப்பிட்டார். சுருட்டு மாதிரி நீண்ட உடம்பு, முன்பாதியில் குட்டையாக எட்டுக் கால்கள். ஒன்றிரண்டு இல்லை, பார்க்கும் இடமெல்லாம். ஐந்து மாதம் நாங்கள் எதை எதிர்த்துச் செலவு செய்தோம் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். டெமோடெக்ஸ் என்றார், மயிர்க்காலுக்குள் வாழும் நுண்ணிய சொறிப் பூச்சி.

இந்தச் சோதனையோடு, தோலில் ஒட்டும் டேப்பை ஒற்றியெடுத்துப் பாக்டீரியா, ஈஸ்ட் பூஞ்சை பார்ப்பார்கள். வட்டத் திட்டாக இருந்தால் சில முடிகளைப் பிடுங்கிப் படர்தாமரைக்குப் பார்ப்பார்கள். எல்லாமே சில நிமிடங்களில் முடியும் மலிவான சோதனைகள். ரத்தப் பரிசோதனை எல்லா நாய்க்கும் தேவைப்படாது. உண்ணி கடித்து நாய்க்கு வரும் உண்ணிக் காய்ச்சல் சந்தேகம், வயதான நாய்க்குத் திடீரென்று வந்த சொறி, இப்படிப்பட்ட இடங்களில் அது தேவை. விலை அதிகமான அலர்ஜிப் பட்டியல் சோதனைகளை முதல் நாளே யாராவது எழுதிக்கொடுத்தால், சுரண்டிப் பார்த்தாயிற்றா என்று பணிவாகக் கேளுங்கள்.

ஒரு விஷயம். ஒட்டுச் சொறியில் பூச்சி கண்ணில் படாமலே போவது சகஜம். சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தும் மருத்துவர் அதற்கு மருந்து கொடுத்தால் அவர்மேல் சந்தேகப்பட வேண்டாம். அது முறையான வழிதான்.

சொறி மனிதருக்கு ஒட்டுமா? வீட்டில் குழந்தை இருக்கிறது.

எந்தச் சொறி என்பதைப் பொறுத்தது. பொன்னிக்கு வந்த டெமோடெக்ஸ் ஒட்டாது. பிறந்த சில நாட்களில் தாயின் தோலிலிருந்து குட்டிக்கு வரும் பூச்சி அது. எல்லா நாயிடமும் கொஞ்சம் இருக்கும், எதிர்ப்புச் சக்தி குறையும்போது பெருகிவிடும். குட்டிக்கு ஒன்றிரண்டு திட்டு மட்டும் இருந்தால் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும்.

ஒட்டுச் சொறி, அதாவது சார்காப்டிக், நாய்க்கு நாய் வேகமாகத் தாவும். காது ஓரம், முழங்கை, வயிறு என்று தொடங்கும், அரிப்பு தூங்கவே விடாது. நம் கையிலும் இடுப்பிலும் சிவந்த பொரிகள் வரலாம். நாய்க்குக் குணமானால் நமக்கும் தானாக அடங்கிவிடும், ஏனென்றால் அந்தப் பூச்சியால் நம் தோலில் குடும்பம் நடத்த முடியாது. வீட்டில் இருக்கும் எல்லா நாய்க்கும் ஒரே நேரத்தில் மருந்து கொடுக்க வேண்டும், சொறியாத நாய்க்கும் சேர்த்து.

படர்தாமரை குழந்தைக்கும் பூனைக்கும் ஒட்டும். அது உறுதியாகும்வரை குழந்தையைச் சற்றுத் தள்ளியே வைத்திருங்கள்.

மருந்துச் செலவை எப்படிக் குறைப்பது?

வெட்கப்படாமல் மருத்துவரிடமே கேளுங்கள். “டாக்டர், இந்த மாதம் என்னால் இவ்வளவுதான் முடியும். இதில் எது இன்றைக்கே வேண்டும், எது அப்புறம் பண்ணலாம்?” என்று ஒரே மூச்சில் கேட்டுவிட வேண்டும். தயங்கி நின்றால் சீட்டில் உள்ள எல்லாவற்றையும் வாங்கிவிட்டு, அடுத்த தவணைக்குப் பணமில்லாமல் நிற்போம். நான் நின்றிருக்கிறேன். தோல் நோயில் பாதியில் நிற்பதுதான் பெரிய நட்டம்.

அப்புறம் சில வழிகள். ஆன்டிபயாடிக்கில் செபலெக்சின், அரிப்புக்கு செடிரிசின், பூஞ்சைக்கு இட்ராகோனசோல் போன்றவை மனிதர்களுக்கான மருந்துக் கடையிலும் கிடைக்கும். மருத்துவர் கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரில் எழுதிக்கொடுத்தால் மக்கள் மருந்தகத்திலும், 2025-இல் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் குறைந்த விலைக்குப் பார்க்கலாம். வாங்கும்போது அட்டையைப் படியுங்கள். செடிரிசினோடு மூக்கடைப்பு மருந்து சேர்ந்த கலவை நாய்க்கு ஆபத்து. இனிப்புக்காக சைலிட்டால் சேர்த்த சிரப்பும் அப்படித்தான்.

பூச்சிக்கான புது மாத்திரைகள், அதாவது அஃபோக்சோலானர், ஃபுளூரலானர், சாரோலானர் வகை, ஒரு மாத்திரையின் விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் ஒரே மாத்திரை உண்ணி, தெள்ளுப்பூச்சி, இரண்டு வகைச் சொறி எல்லாவற்றுக்கும் வேலை செய்யும். ஃபுளூரலானர் உண்ணிக்கு ஏறத்தாழ 12 வாரம் தாங்கும். வாரா வாரம் மருந்துக் குளியல், அதற்கு ஆட்டோ, ஊசிக்குத் தனிச் செலவு என்று கூட்டிப் பார்த்தால் எங்களுக்கு மாத்திரைதான் மலிவாக முடிந்தது. வலிப்பு வந்த நாயென்றால் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

இந்த மாத்திரைகள் எடைக்கணக்கில் விற்பவை. ஆகவே எடையைச் சரியாகப் பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடை எந்திரத்தில் நின்று, அப்புறம் நீங்கள் மட்டும் நின்று கழித்தால் போதும். குத்துமதிப்பாகச் சொல்லி மேல்படி மாத்திரையை வாங்கி வருகிறவர்கள் நிறைய. பெரிய மாத்திரையை உடைத்து இரண்டு நாய்க்குக் கொடுக்கும் யோசனை வந்தால் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

ஐவர்மெக்டின் மலிவு என்கிறார்களே, நானே வாங்கிக் கொடுக்கலாமா?

கூடாது. மருத்துவர் கையில் அது நல்ல பூச்சி மருந்து, மலிவும்கூட. ஆனால் கடையில் கிடைக்கும் மாட்டு ஊசி மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கும். நாய்க்கு வேண்டியது மில்லியில் ஒரு சிறு பகுதி. புள்ளியைத் தவறாகப் படித்தால் பத்து மடங்காகிவிடும். கோலி இன நாய்களுக்கும் அவற்றின் கலப்புக்கும் மரபிலேயே இந்த மருந்தைத் தாங்காத குறை இருக்கலாம். மருந்து மிஞ்சினால் நாய் தள்ளாடும், கண்மணி விரியும், எச்சில் வடியும், நடுங்கும், நினைவு தவறும்.

மருந்துக் குளியலுக்கான அமிட்ராஸ் திரவமும் இப்படித்தான். அளவாகத் தண்ணீர் கலந்து, கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் ஊற்ற வேண்டும். காயும்வரை நாய் நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நான்கு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு வேண்டாம்.

வேப்பெண்ணெய், மஞ்சள், மண்ணெண்ணெய்?

மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் ஆயில், ஃபினாயில் இந்த மூன்றையும் எந்த நாயின் மேலும் ஊற்றாதீர்கள். தோல் வெந்துபோகும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். தெருநாய் மேல் எஞ்சின் ஆயில் ஊற்றுவதை நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள், அதைப் பார்த்திருக்கிறேன். அந்த நாய் இரண்டு நாள் ஒரு காருக்கு அடியில் படுத்தபடி கிடந்தது.

வேப்பெண்ணெயும் மஞ்சளும் அவ்வளவு கொடியவை இல்லை. ஆனால் மயிர்க்காலுக்குள் குடியிருக்கும் பூச்சியை அவை தொடாது. பிசுக்கின்மேல் தூசி படிந்து ஈஸ்ட் வளர்வதுதான் மிச்சம். வேப்பெண்ணெயை அதிகம் நக்கினால் வாந்தியும் வரும்.

வீட்டில் இருக்கும் அரிப்புக் களிம்பைத் தடவலாமா?

நாங்கள் செய்த பெரிய தவறு இதுதான். நம் கடைகளில் சீட்டில்லாமல் கிடைக்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்திருக்கும். தடவிய இரண்டாம் நாள் சிவப்பு அடங்கும், மனம் நிம்மதியாகும். உள்ளே டெமோடெக்ஸும் படர்தாமரையும் அதே ஸ்டீராய்டால் கொழுக்கும். முதலில் போன கிளினிக்கில் அரிப்புக்கென்று போட்ட ஊசியும் அதே வகை. ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு வாரம் நன்றாக இருந்தாள், அப்புறம் இன்னும் கொஞ்சம் முடி போயிற்று. ஸ்டீராய்டே விஷம் என்று சொல்லவில்லை. அலர்ஜி உறுதியானால் பிரட்னிசோலோன்தான் இருப்பதிலேயே மலிவான மருந்து. என்ன நோய் என்று தெரிந்தபின் கொடுக்கவேண்டியது, நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்கவேண்டியது.

எந்த ஷாம்பு?

மனிதர் சோப்பு வேண்டாம், டெட்டாலை அப்படியே ஊற்றுவது வேண்டவே வேண்டாம். பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் இருந்தால் குளோர்ஹெக்சிடின் உள்ள ஷாம்பு எழுதுவார்கள். விலையுயர்ந்த ஷாம்புவும் வீணாகும் இடம் ஒன்று உண்டு: நுரை வந்ததும் கழுவிவிடுவது. பத்து நிமிடம் தோலில் ஊற வேண்டும், கடிகாரத்தைப் பார்த்து. நாய் நிற்காது என்றால் தடவிவிட்டுச் சங்கிலியோடு மொட்டைமாடியில் நடத்துங்கள். பின்பு நன்றாகத் துவட்டுங்கள், கால்விரல் இடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னை நாய்களுக்கு விரலிடுக்கில்தான் முதலில் நாற்றம் கிளம்பும்.

கோழி சாப்பிடுவதால்தான் அரிப்பா?

சில நாய்களுக்கு இருக்கலாம், ஆனால் பூச்சியும் தொற்றும் இல்லை என்று உறுதியான பிறகுதான் இந்தச் சந்தேகத்துக்கு வர வேண்டும். கண்டுபிடிக்க ஒரே வழி, இதுவரை சாப்பிடாத ஒரு புரதத்தை மட்டும் குறைந்தது எட்டு வாரம் கொடுப்பது. பால் பிஸ்கட் ஒன்று கொடுத்தாலும் கணக்கு கெட்டுவிடும். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களிடம் முதலில் பேசி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

முடி வளர்ந்துவிட்டது. மருந்தை நிறுத்தலாமா?

முடி வளர்வது பாதி வழிதான். டெமோடெக்ஸுக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை சுரண்டிப் பார்த்து, இரண்டிலும் பூச்சி இல்லையென்றால்தான் நிறுத்துவார்கள். பொன்னிக்கு முதல் முறை சுத்தமாக வந்தது, இரண்டாம் முறை நாலைந்து இருந்தன. இன்னும் இரண்டு மாதம் போயிற்று. தோல் தொற்றுக்கான ஆன்டிபயாடிக்கும் பெரும்பாலும் சில வாரம் போகும். பெண் நாய் என்றால் குணமானபின் கருத்தடை செய்துவிடுங்கள், சினைப்பருவத்தில் டெமோடெக்ஸ் திரும்பிவரக்கூடும்.

உண்ணியென்றால் நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை. அது சுவரேறி விரிசலில் முட்டையிடும், ஆயிரக்கணக்கில். படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள், சுவர் விரிசலைப் பூசுங்கள்.

எப்போது ஒரு நாளும் தள்ளக் கூடாது?

சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், காய்ச்சல் அடித்தால், ஈறு வெளிறினால், மூக்கில் ரத்தம் வந்தால். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். புண்ணில் புழு நெளிந்தாலும், முகம் திடீரென்று வீங்கினாலும், குட்டியின் உடம்பெல்லாம் சீழ்க்கொப்புளம் வந்தாலும் அன்றைக்கே. காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலோ ஐபுபுரோஃபெனோ நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

எங்கள் தெருநாய்க்குச் சொறி. பிடிக்க முடியவில்லை.

நாலு வீட்டுக்காரர் சேர்ந்தால் ஒரு மாத்திரையின் விலை யாருக்கும் பாரமில்லை. கிட்டே போய்ப் படமும் வீடியோவும் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள், எடையை அவரே ஊகித்துச் சொல்வார். மிக மோசமான நிலையென்றால் கிண்டியில் உள்ள புளூ கிராஸ் போன்ற அமைப்புகளிடம் சொல்லலாம். அவர்களிடம் இடம் எப்போதும் நெருக்கடிதான், அதனால் அங்கே சேர்ப்பதைவிட இருக்கும் இடத்திலேயே பார்த்துக்கொள்வது பல நாய்களுக்கு நல்லது. பழக்கமில்லாத நாயை வெறுங்கையால் பிடிக்கப் போகாதீர்கள். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரையை வேகவைத்த கோழி ஈரலுக்குள் வைத்துக் கொடுங்கள். முதலில் வெறும் ஈரல் ஒன்று, இரண்டாவது மாத்திரையோடு, உடனே மூன்றாவதைக் கையில் காட்டுங்கள். மூன்றாவதன் ஆசையில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். தெருநாய் வாயில் ஒதுக்கிக்கொண்டு போய்ச் சந்தில் துப்பிவிடுவது உண்டு, ஆகையால் விழுங்குகிற வரை நின்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் தினசரிக் காலண்டரில் அடுத்த தவணைத் தேதியைக் குறித்துவிடுங்கள்.